சதுரமா, முகமா? நாடகம் பழுதானால் பார்க்க வேண்டிய இடங்கள்

போன மாரியில் ஒரு இரவு, எட்டுப் பத்து இருக்கும். அன்புவழிபுரத்திலிருந்து ஒரு மாமி போன் எடுத்தார். “தம்பி, படம் இறுகிப்போச்சு. ஒருத்தரும் அசையினமில்ல. நீங்கள் பூட்டின டிஷ்தானே, ஒருக்கா வந்து பாருங்கோ.”

டிஷ் பூட்டுவதும் டிவி திருத்துவதும் என் பிழைப்பு. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தபோது சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நுரையெல்லாம் நன்றாகவே அசைந்தது. விளம்பரம் முடிந்து நாடகம் வந்தது. படம் இறுகியது.

யாரோ ஒருத்தி “அவர் உயிரோடதான் இருக்கார்” என்று சொல்லியிருக்கிறாள். மாமியார் முகம், இடி. மருமகள் முகம், இடி. மாமனார், மச்சான், மச்சானின் மனைவி, வாசலில் நின்ற பால்காரர்வரை ஒன்பது முகங்கள். ஒவ்வொரு முகமும் மூன்று தடவை, மூன்றாவது தடவை கறுப்பு வெள்ளையில். கைபேசியில் நேரம் பிடித்தேன்: 1 நிமிடம் 50 விநாடி.

“டிஷ் நல்லாத்தான் இருக்கு மாமி. பழுது நாடகத்தில்.”

“அப்ப அதைத் திருத்த ஏலாதோ?”

இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், காசு வாங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இருபது வருடமாகத் திருகோணமலையில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். நான் கூரையில் நிற்கும்போது கீழே நாடகம் ஓடும், நான் பாதி கேட்பேன். பழுது பார்க்கிறவன் எல்லாவற்றையும் அறிகுறியாகத்தான் பார்ப்பான். ஆகவே நாடகத்தையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

முதலில்: பழுது எங்கே?

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் எனக்கு ஓய்வில்லை. நம் வீட்டு டிஷ்கள் பிடிக்கிற கேயூ அலைவரிசையை அடர்ந்த மழை தின்றுவிடும். படம் சதுரம் சதுரமாக உடையும், சத்தம் வெட்டி வெட்டி வரும். மழை விட்டால் தானாகச் சரியாகும். வெயிலிலும் அப்படி உடைந்தால் கடல்காற்றில், டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையைப் பிடிக்கும் எல்என்பி தலையோ அதன் கம்பி முனையோ துருப்பிடித்திருக்கும். திருக்கடலூர்ப் பக்கம் இது வருடாவருடம் வரும். என்னைக் கூப்பிடலாம்.

சதுரமாக உடையாமல் முகமாக நின்றால் பழுது நாடகத்தில். இன்னும் சந்தேகமா? விளம்பரம் வரும்வரை பொறுங்கள். விளம்பரம் அசைந்தால் உங்கள் டிஷ்ஷுக்கு ஒன்றும் இல்லை.

அறிகுறி: கதை நகரவில்லை

இதற்கு நான் வைக்கிற சோதனையை அரசாங்கமே ஒருதரம் நடத்திக் காட்டியது. 2022 மார்ச்சில் மின்வெட்டு நீண்டுகொண்டே போய், 31ஆம் தேதி 13 மணித்தியாலம் வரை வந்தது. எங்கள் வீட்டில் மூன்று இரவு தொடர்ந்து எட்டு மணி நாடகம் தப்பிவிட்டது. மனைவி மெழுகுதிரி வெளிச்சத்தில் பெருமூச்சு விட்டபடி இருந்தாள். நாலாம் நாள் கரண்ட் வந்தது, டிவியைப் போட்டோம். பெண் பார்க்க வந்தவர்கள் அதே சோபாவில் இருந்தார்கள். பெண்ணின் கையில் அதே பலகாரத் தட்டு. மூன்று நாளாக அந்தப் பிள்ளை தட்டைக் கீழே வைக்கவில்லை.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கோபம் கொஞ்சம் இறங்கும். அரை மணி நேர நாடகத்தில் விளம்பரம், தலைப்புப் பாட்டு, முன்கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது இருபது நிமிடம் சொச்சம். வாரத்துக்கு ஆறு நாள். அதாவது வாரம் 120 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு சினிமா. சினிமாக்காரன் ஒரு கதையை மாதக்கணக்கில் எழுதுகிறான். நாடகக்காரன் வருடத்துக்கு 312 பகுதி கொடுக்க வேண்டும். பல படப்பிடிப்புகளில் வசனம் அன்று காலையில்தான் தாளில் வருகிறது. உதவி இயக்குநர் கமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் கொடுக்க, நடிப்பவர் திருப்பிச் சொல்கிறார். அப்படிப்பட்ட நாளில் ஒன்பது முகத்தை மூன்று தடவை காட்டினால் இரண்டு நிமிடம் வசனமே இல்லாமல் நிரம்பும். பழைய காட்சியை ஞாபகமாக ஓட்டினால் இன்னும் ஒரு நிமிடம் லாபம். மழைக்கு ஒழுகும் கூரையில் பொலித்தீன் விரிப்பது போலத்தான், நாங்களும் செய்கிறோம்.

திறமை இல்லாமல் இப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்லக்கூடாது. 2014 மார்ச் 5ஆம் தேதி ‘நாதஸ்வரம்’ நாடகம் தன் ஆயிரமாவது பகுதியை ஒரே ஷாட்டில், நேரலையாக, 23 நிமிடத்துக்கு மேல் வெட்டாமல் நடத்தியது, கின்னஸில் பதிவானது. வெட்டவே முடியாத இடத்தில் இடிச்சத்தத்துக்கும் இடமில்லை. எல்லோரும் நடித்தார்கள்.

செய்ய வேண்டியது: திங்களும் சனியும் மட்டும் பாருங்கள். சனிக்கிழமை ஒரு முடிச்சைப் போட்டுத் தொங்கவிடுவார்கள், திங்கள் அதை அவிழ்ப்பார்கள் அல்லது அவிழ்ப்பதுபோலக் காட்டுவார்கள். நடுவில் உள்ள நாலு நாளுக்கு முன்கதைச் சுருக்கம் போதும். இந்த வைத்தியத்தை என் மனைவிக்குச் சொன்னேன். “அப்ப செவ்வாய் புதன் எட்டு மணிக்கு உங்கட முகத்தையா பாக்கிறது?” என்று கேட்டாள். சில வீடுகளில் இது வேலை செய்யாது.

அறிகுறி: கதவுக்குப் பின்னால் பாதிப் பேச்சு

ஒருவர் “அவனைக் கொல்ல வேண்டும்” என்பார். கதவுக்குப் பின்னால் நிற்கும் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். “...என்று சொன்னவர்களைக் கூட நான் மன்னித்துவிட்டேன்” என்ற மிச்சம் அவள் காதில் விழாது. அதிலிருந்து ஆறு வாரம்.

சோதனை: ஒரே ஒரு போன் எடுத்தால் இந்தப் பிரச்சினை தீருமா? தீரும் என்றால் பழுது உறுதி. அந்த ஆறு வாரமும் கதாநாயகியின் போன் சார்ஜ் இல்லாமல் இருக்கும், கீழே விழுந்து உடையும், வில்லியின் கையில் அகப்படும்.

இந்தப் பழுது எங்கள் ஊரில் நடக்கவே முடியாது என்பது என் துணிபு. தகர வேலிக்கு இந்தப் பக்கம் குசினியில் சொன்னது அந்தப் பக்கம் கிணற்றடிக்குக் கேட்கும். பாதியாகக் கேட்டாலும் மிச்சப் பாதியைக் கேட்க அந்த வீட்டு அன்ரி சீனி இரவல் வாங்கும் சாட்டில் வருவார். “உங்கட மூத்தவன் கனடா போகேலையாமே?” என்று நேரே முகத்துக்குக் கேட்பார். தவறான புரிதல் ஒன்று இங்கே இரண்டு நாள் உயிர்வாழ வேண்டுமானால் அது பெரிய சாதனை. நாடக எழுத்தாளர்களுக்கு அயலட்டை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. அரண்மனை போன்ற வீட்டில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், வேலிக்கு அப்பால் ஒரு மனிசர் கிடையாது.

அறிகுறி: தலையில் அடி, ஞாபகம் காலி

படிக்கட்டில் விழுவார், பெயர் மறந்துபோகும், மனைவி மறந்துபோவார். காரோட்ட மட்டும் மறக்காது. நெற்றியில் வெள்ளைத்துணி, நடுவில் ஐந்து சதக் குத்தியளவு சிவப்பு. பிறகு இரண்டாவது அடி, எல்லாம் திரும்பி வரும்.

என் கூட்டாளி ஒருத்தன் நிலாவெளி ரோட்டு வளைவில் மோட்டார் சைக்கிளோடு போய் விழுந்தான். இரண்டு நாள் நினைவில்லை. மூக்கால் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். எழும்பியதும் வில்லன் பெயரைச் சொல்லவில்லை; ஒரு கிழமை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். அன்று காலை என்ன நடந்தது என்பது அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் தாயைத் தெரிந்தது, பெயர் தெரிந்தது, நான் அவனுக்குத் தரவேண்டிய இரண்டாயிரம் ரூபாய் வடிவாக ஞாபகம் இருந்தது. தலைக்காயத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அடிபட்ட நேரமும் அதன் முன்பின்னும் அழியும், ஆள் யார் என்பது அழிவது மிக அரிது. இரண்டாவது அடி எதையும் திருப்பித் தராது, இருப்பதையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியது: கட்டு நெற்றியில் ஏறியதும் மூன்று மாதம் விடுமுறை எடுங்கள். இரண்டாவது அடிக்குத் திரும்பி வந்தால் போதும். ப்ரோமோவில் காட்டுவார்கள்.

அறிகுறி: ஒரு கையெழுத்தில் சொத்து, ஒரு முடிச்சில் கல்யாணம்

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

முதலில் சொத்து. பால் கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் ஒரு தாளை வைத்து வில்லி கையெழுத்து வாங்குவாள். மறுநாள் குடும்பமே றோட்டில். பெரியப்பாவின் பத்துப் பேர்ச் காணியை மகளுக்கு எழுத நானும் கூடப்போனேன். நில அளவையாளரின் வரைபடம், பழைய உறுதிப் பத்திரம், காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி, அடையாள அட்டைகள். பிறகு உறுதி எழுதும் நொத்தாரிசு, அவர் முன்னால் இரண்டு சாட்சிகள். உறுதி முடிய மூன்று தரம் அலைந்தோம். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாமல் காணி கைமாறாது என்று இலங்கையில் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே பால் கணக்குத் தந்திரத்துக்கு வேலி போட்டாயிற்று. கதை நடக்கிற தமிழ்நாட்டிலும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் படமும் கைரேகையும் எடுக்காமல் சொத்து நகராது. நல்ல எழுத்தாளர் ஒருவருக்கு அந்த அலுவலக வாங்கே போதும். சாட்சிக்கு வந்தவர் கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட மறுக்கட்டும். அன்று பெரியப்பா பேனாவைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார், மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடி எதுவும் இடிக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடான காட்சியை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை.

அடுத்தது தாலி. கோயில் நெரிசலில் ஒருவன் பாய்ந்து கட்டிவிடுவான். அவளும் அழுதழுது “தாலி ஏறிட்டுது, இனி அவர்தான் என் புருஷன்” என்பாள். பிறகு முந்நூறு பகுதிக்கு அவனைத் திருத்துவாள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் என்றால், அந்த வற்புறுத்தல் நீங்கியதிலிருந்து அல்லது ஏமாற்று தெரியவந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் போய்க் கல்யாணத்தைச் செல்லாததாக்கலாம். முதல் மனைவி உயிரோடு மனைவியாக இருக்கும்போது இரண்டாவதாக ஒருத்திக்குக் கட்டும் தாலிக்கு அதே சட்டப்படி மதிப்பே இல்லை. எங்கள் ஊரில் பதிவுக்காரர் முன்னால் எழுத்து வைத்து, இருவரும் வாயால் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பல வீடுகளில் தாலிக்கு நாள் பார்ப்பார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒருவன் இப்படிப் பாய்ந்தால் பூமாலைக் கடைக்காரரே அவனைப் பிடித்துக் கட்டிவைப்பார்.

மற்றப் பழுதுகள் பொழுதைத் தின்னும், அவ்வளவுதான். இது எட்டு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் காதில் விழுகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான். சத்தத்தைக் குறைத்துவிட்டு, “அந்தப் பிள்ளை ஏன் பொலிசுக்குப் போகேல்ல?” என்று சத்தமாகக் கேளுங்கள். வீட்டில் யாராவது பதில் சொல்வார்கள். சொல்லட்டும். என் மகள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, ஆனால் எனக்குத் திருப்தி.

சில்லறைப் பழுதுகள்

ஆள் மாறிவிட்டார்: “இவருக்குப் பதில் இவர்” என்று கீழே ஒரு வரி ஓடும். திருத்த வழியில்லை. மூன்றாம் நாள் பழகிவிடும், வீட்டு மருமகனையே அப்படித்தானே பழகிக்கொண்டோம்.

ப்ரோமோவில் கன்னத்தில் அறை, நாடகத்தில் இல்லை: அது கனவு. வில்லி மயங்கி விழுந்தால், போலீஸ் விலங்கு மாட்டினால், அதுவும் கனவு.

பாயசத்தில் விஷம்: வேறு யாரோ குடிப்பார்கள். எழும்பிப் போய்ச் சோற்றை இறக்கலாம்.

நித்திரைக்குப் போகும்போதும் பட்டுச் சேலை, அட்டியல்: இதைப் பழுது என்று சொன்னதற்கு மூன்று வீட்டில் எனக்குத் தேத்தண்ணி நின்றது. ஆகவே இது பழுது இல்லை.

அறிகுறி: இது ஏற்கெனவே பார்த்த கதை

உங்களுக்கு ஞாபகப் பிழை இல்லை. பார்த்த கதைதான். வீட்டுக்காக உழைத்துத் தேய்ந்த மனைவி, வெளியில் தொடுப்பு வைத்த கணவன், அவள் தன் காலில் நிற்பது: வங்காளத்தில் 2019இல் தொடங்கிய ‘ஸ்ரீமோயி’ தமிழில் ‘பாக்கியலட்சுமி’, இந்தியில் ‘அனுபமா’. எதிர்த்திசையிலும் ஓடும். தமிழில் பிறந்த ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. ஒரு ஊரில் காசு பார்த்த கதையை இன்னொரு ஊரில் எடுப்பதில் முதலாளிக்கு நெஞ்சிடி குறைவு. மூன்று பாஷையில் பார்த்துவிட்ட ஒரு அக்கா உவர்மலையில் இருக்கிறார். அடுத்த கிழமைக் கதையை இந்தக் கிழமையே சொல்லிவிடுவார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு டிவியை நிறுத்தலாம்.

ஏன் புதிதாக எழுதுவதில்லை என்று சேனலுக்கு எழுதிப்போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் நாம் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு 50,000க்கு மேலான வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. அந்த வீடுகளில் யார் பார்க்கிறார்களோ அவர் தனக்குரிய பொத்தானை அமத்த வேண்டும். அதிலிருந்துதான் வாராந்த டிஆர்பி, அதாவது எந்த நாடகத்தை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற எண். எண் இறங்கினால் தாலி, ஏறினால் அதே கதை இன்னும் நூறு பகுதி. அந்த மீட்டர் எதுவும் பாக்கு நீரிணையைத் தாண்டவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் ஒரே நாளில் அத்தனை பேரும் டிவியை நிறுத்தினாலும் சென்னையில் ஒரு புள்ளி அசையாது. காசு கட்டிப் பார்க்கிறோம், ஆனால் விருந்துக்குக் கூப்பிடாமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர்கள் நாம். அதனால் ஒரு வசதியும் இருக்கிறது: நாம் நிறுத்தினால் ஒருவருக்கும் நட்டமில்லை. பதினாறு பகுதியில் முடிந்துபோகும் கொரிய நாடகம் பக்கம் என் மகள் போய்விட்டாள். அதிலும் ஞாபகம் மறக்கிறார்கள்தான். ஆனால் எட்டு வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

கை வைக்கக்கூடாத இடம்

உவர்மலையில் தனியாக இருக்கும் ஒரு அம்மம்மா. வயது 80க்கு மேல். பிள்ளைகள் ரொறன்ரோவில். அவருக்கு 1996இலிருந்து 2006வரையான நாடக நேரக் கணக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பத்து வருடமும் எங்கள் மணிக்கூடு பெரும்பாலும் இந்தியாவைவிட அரைமணி முன்னே ஓடியதால், அங்கே எட்டு மணி நாடகம் இங்கே எட்டரைக்கு வந்தது. “அப்ப சமைச்சு முடிச்சு ஆறுதலா இருந்து பாக்கலாம்” என்பார்.

ஒருநாள் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் முடிந்து மூன்று நாள் அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் வேறு வேலையாகப் போனபோது இருட்டு டிவிக்கு முன்னால் இருந்தார். “கெட்டித்தனமா நிப்பாட்டிட்டீங்கள், நல்லது” என்று பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மகள் வீடியோவில் வரும்போது ஐந்து நிமிடத்தில் சுகம் விசாரித்து முடிந்துவிடுமாம். மிச்ச அரைமணியும் நாடகக் கதைதான். மகளும் அங்கே அதையே பார்க்கிறாள். “இந்த ஞாயிறு நான் என்னத்தைக் கதைக்கிறது?” என்று கேட்டார். அங்கேயே நின்று ரீசார்ஜ் போட்டேன். படம் வந்தது. தலையில் கட்டோடு ஒருவர் கட்டிலில் கிடந்தார். அம்மம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போன சனி இரவு அன்புவழிபுரம் மாமி மறுபடி போன் எடுத்தார். “தம்பி, படம் இறுகிப்போச்சு.”

“சதுரமா மாமி, முகமா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் இடி இடிப்பது எனக்கே கேட்டது.

“முகம்.”

“விளம்பரம்வரைக்கும் பொறுங்கோ.”

“சரி தம்பி,” என்றார். போனை வைக்காமல் இருவரும் பொறுத்திருந்தோம். ஆறாவது முகத்தில் மாமி சொன்னார், “இவள் போன கிழமை இந்தச் சீலையா கட்டியிருந்தவள்?”